பூமியின் காலநிலை பழங்காலத்தில் ஏன் மாறியது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலநிலை மாற்றம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "பூமி இதற்கு முன்பும் சூடாகியிருக்கிறது, குளிர்ந்திருக்கிறது" என்று யாராவது ஒருவர் சொல்வார். சொல்வது உண்மைதான். ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. ஏன் சூடானது, எது குளிர வைத்தது, அதற்கு எத்தனை ஆண்டுகள் பிடித்தன என்று யாரும் மேலே கேட்பதில்லை. அந்தக் கேள்விகளில்தான் விஷயமே இருக்கிறது. என்னிடம் பலரும் கேட்டவற்றை எடுத்துக்கொண்டு, தெரிந்த வரையில் பதில் சொல்லியிருக்கிறேன்.

மனிதர்கள் இல்லாத காலத்திலும் காலநிலை மாறியதா?

மாறியது, அதுவும் மிகப் பெரிய அளவில். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன், வட துருவத்துக்கு அருகே உள்ள எல்ஸ்மியர் தீவில் முதலை இனங்கள் வாழ்ந்தன. அவற்றின் எலும்புகள் அங்கே கிடைத்திருக்கின்றன. இன்று அதே தீவு கனடாவின் வடகோடியில் பனி மூடிக் கிடக்கிறது. இதற்கு நேர் எதிராக, 21,000 ஆண்டுகளுக்கு முன் கனடாவின் பெரும்பகுதி பனிப்பாளத்துக்கு அடியில் புதைந்திருந்தது. சில இடங்களில் அதன் தடிமன் 3 கிலோமீட்டர். அவ்வளவு நீரும் நிலத்தின் மேல் பனியாக நின்றதால் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் கீழே இருந்தது.

இவற்றில் எதுவும் காரணம் இல்லாமல் நடக்கவில்லை. பூமியின் வெப்பக் கணக்கு எளிமையானது. சூரிய ஒளி வருகிறது. அதில் சுமார் 30 விழுக்காட்டை மேகமும் பனியும் மணலும் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதியால் சூடாகும் தரையும் கடலும் அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுகின்றன. நீராவி, கரியமில வாயு, மீத்தேன் ஆகிய பசுங்குடில் வாயுக்கள் அதில் ஒரு பங்கைப் பிடித்து வைக்கின்றன. வருவது, திரும்பிப் போவது, பிடித்து வைக்கப்படுவது என்ற இந்த மூன்றில் ஏதாவது ஒன்று மாறினால்தான் பூமியின் சராசரி வெப்பம் நீண்ட காலத்துக்கு மாறும். கீழே வரும் காரணங்கள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றையோ பலவற்றையோ தொடுபவைதான்.

பனியுகங்கள் ஏன் வந்து வந்து போயின?

பூமி சூரியனைச் சுற்றும் விதம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருப்பதுதான் அடிப்படைக் காரணம். மூன்று விதமான மாற்றங்கள் நடக்கின்றன.

முதலாவது, பூமியின் பாதை. அது ஏறக்குறைய வட்டமாகவும், பிறகு சற்று நீண்ட வட்டமாகவும் மாறி மாறி வருகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 1,00,000 ஆண்டுகள். இரண்டாவது, அச்சின் சாய்வு. இப்போது அது சுமார் 23.4 டிகிரி. 41,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை 22.1 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் இடையே போய் வருகிறது. சாய்வு கூடினால் துருவப் பகுதிகளில் கோடை கடுமையாகும், குறைந்தால் இதமாகும். மூன்றாவது, பம்பரம் வேகம் குறையும்போது தலையாட்டுமே, அதுபோல் பூமியின் அச்சும் தலையாட்டுகிறது. இதனால் எந்த மாதத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் என்பது மாறுகிறது. இன்று ஜனவரி தொடக்கத்தில் அருகில் வருகிறோம். 11,000 ஆண்டுகளுக்கு முன் வட கோளத்தின் கோடையில் அருகில் வந்தோம்.

இந்த எண்ணத்தை முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கிரால் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். ஸ்காட்லாந்துக்காரர், ஏழை. கிளாஸ்கோவில் ஒரு கல்லூரிக் கட்டடத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்துகொண்டு, அங்கிருந்த நூலகத்தில் தானே படித்துத் தேர்ந்து, 1864இல் பனியுகங்களுக்கும் பூமியின் பாதைக்கும் உள்ள தொடர்பை எழுதினார். குளிர்காலத்தில் வெயில் குறைவதுதான் பனியைச் சேர்க்கிறது என்று அவர் நினைத்தார். அது சரியாகவில்லை.

செர்பிய அறிஞர் மிலுடின் மிலன்கோவிச் கணக்கைத் திருத்தினார். குளிர்காலத்தில் துருவப் பகுதியில் எப்படியும் பனி விழும். அது கோடையில் உருகுகிறதா, தங்குகிறதா என்பதுதான் கேள்வி. இதமான கோடைகள் தொடர்ந்து வந்தால் சென்ற ஆண்டுப் பனியின் மேல் இந்த ஆண்டுப் பனி விழுந்து, நூற்றாண்டுகள் போகப் போகப் பனிப்பாளமாக வளரும். வடக்கே 65 டிகிரி அகலக்கோட்டில் கோடை வெயில் எவ்வளவு விழுந்தது என்பதை லட்சக்கணக்கான ஆண்டுகளுக்குக் கையாலேயே கணக்குப் போட்டார் அவர். 1958இல் இறந்தபோது அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. 1976இல் ஹேய்ஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் என்ற மூவர் ஆழ்கடல் சேற்றை ஆராய்ந்து, அதில் பதிந்திருந்த வெப்ப ஏற்ற இறக்கங்களில் இதே கால அளவுகள் இருப்பதைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு கேள்வி அடங்கியது.

வெயில் அவ்வளவு கொஞ்சம்தானே மாறுகிறது? அதற்கா இவ்வளவு பெரிய குளிர்?

நல்ல கேள்வி. பூமி முழுவதற்கும் ஆண்டு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால், பாதை மாற்றத்தால் கிடைக்கும் வெயில் ஒரு விழுக்காடுகூட மாறுவதில்லை. எந்த இடத்தில், எந்தப் பருவத்தில் விழுகிறது என்பதுதான் பெரிதாக மாறுகிறது. அது ஒரு தொடக்கம். அதைப் பெருக்கிவிடுபவை பூமியிலேயே இருக்கின்றன.

பனி பரவினால் வெண்மை கூடும். வெண்மை கூடினால் ஒளி திரும்பிப் போகும். ஒளி போனால் குளிர் கூடும், பனி இன்னும் பரவும். அதே சமயம் குளிர்ந்த கடல் கரியமில வாயுவை அதிகமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். காற்றில் அது குறைந்தால் மறுபடியும் குளிர். சூடாகும்போது இதே சங்கிலி எதிர்த்திசையில் ஓடும். பனியுகத்தின் உச்சத்தில் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 180 முதல் 190 பங்கு இருந்தது. பனி விலகிய இடைக்காலங்களில் சுமார் 280 பங்கு. இரண்டுக்கும் இடையே உலகச் சராசரி வெப்பத்தில் 5 முதல் 6 டிகிரி வேறுபாடு.

இங்கே ஒரு துணைக்கேள்வி வரும். அண்டார்டிகாவின் பனிப் பதிவுகளில் முதலில் வெப்பம் கூடி, அப்புறம்தானே கரியமில வாயு கூடுகிறது? அப்படியென்றால் வாயு காரணம் இல்லையே? பூமியின் பாதை தொடங்கி வைத்த வெப்பத்தை வாயு பெருக்கியது என்பதுதான் அதற்குப் பதில். தொடக்கம் சூரிய வெயிலிலிருந்து வந்தது. ஆனால் வாயுவைக் கணக்கில் சேர்க்காமல் அந்த 5 டிகிரியை யாராலும் விளக்க முடியவில்லை, அதிலும் வட கோளத்தோடு தென் கோளமும் சேர்ந்தே ஏன் சூடானது என்பதை. ஒரே வாயு, தானாகக் கசிந்து வெளியே வந்தால் பெருக்கியாக இருக்கும். யாராவது நேரடியாகக் காற்றில் கொட்டினால் தொடக்கமாகவே இருக்கும். இரண்டும் நடந்திருக்கின்றன.

அவ்வளவு பழைய காலத்தின் வெப்பம் எப்படித் தெரியும்? யாரும் அளந்து வைக்கவில்லையே?

பூமியே அளந்து வைத்திருக்கிறது. அண்டார்டிகாவில் விழும் பனி உருகாமல் அடுக்கடுக்காக அழுந்திக் கட்டியாகிறது. அப்போது அந்தக் காலத்துக் காற்று சிறு குமிழ்களாக உள்ளே மாட்டிக்கொள்கிறது. 3 கிலோமீட்டருக்கும் மேல் துளையிட்டு நீளமான பனித்தண்டாக வெளியே எடுத்தால், 8 லட்சம் ஆண்டுக் காற்று கைக்கு வந்துவிடும். டோம் சி என்ற இடத்தில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அப்படித்தான் எடுத்தார்கள். இந்த 8 லட்சம் ஆண்டுகளில் மனிதத் தொழில்கள் தொடங்கும் வரை கரியமில வாயு 300 பங்கைப் பெரிதாகத் தாண்டியதே இல்லை. 2024இன் சராசரி 420 பங்குக்கும் மேல்.

அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் கடலடிச் சேறு. ஃபொராமினிஃபெரா என்ற மிக நுண்ணிய கடலுயிர்கள் சுண்ண ஓடு கட்டும்போது கடல்நீரின் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. ஆக்சிஜனில் எடை குறைந்த வகையும் கூடிய வகையும் உண்டு. எடை குறைந்த வகை உள்ள நீர் எளிதாக ஆவியாகும். பனியுகத்தில் அந்த நீர் கடலுக்குத் திரும்பாமல் நிலத்தில் பனியாகத் தங்கிவிடும். எனவே கடலில் எடை கூடிய வகையின் விகிதம் ஏறும், ஓட்டிலும் அது பதியும். மண்ணாய்ப் போன ஒரு நுண்ணுயிரின் ஓட்டைப் பார்த்து அந்தக் காலத்தில் உலகில் எவ்வளவு பனி இருந்தது என்று சொல்ல முடிகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பு குறையவில்லை.

மரவளையம், பவளப்பாறை, குகைகளில் சொட்டுச் சொட்டாக வளரும் சுண்ணக்கல் தூண் ஆகியவையும் உண்டு. ஒன்று சொல்வதை இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வருகிறார்கள்.

எல் நினோவும் காலநிலை மாற்றமா?

இல்லை. பசிபிக் கடலுக்குள் இருக்கும் வெப்பம் மேலே வந்து பரவுவதும் மறுபடி அடங்குவதும்தான் அது. ஓரிரண்டு ஆண்டுகள் உலகச் சராசரியை உயர்த்தும், பிறகு இறங்கும். பூமிக்குப் புதிதாக வெப்பம் சேர்வதில்லை, இருப்பது இடம் மாறுகிறது.

எரிமலை பூமியைக் குளிர்விக்குமா, சூடாக்குமா?

இரண்டும் செய்யும். எவ்வளவு காலத்தைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒரு பெரிய வெடிப்பு என்றால் குளிர். பலரும் சாம்பல்தான் வெயிலை மறைக்கிறது என்று நினைக்கிறார்கள். சாம்பல் பெரும்பாலும் சில நாட்களிலும் வாரங்களிலும் கீழே விழுந்துவிடும். உண்மையில் குளிர்விப்பது கந்தக டை ஆக்சைடு. மழை பெய்யும் மட்டத்துக்கு மேலே, அடுக்கு மண்டலத்துக்குள் அது போய்விட்டால், கந்தக அமிலத் துளிகளாக மாறி ஓரிரு ஆண்டுகள் உலகம் முழுக்கப் படலமாக நிற்கும். அங்கே அதைக் கழுவிவிட மழை கிடையாது. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தபோது ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடு மேலே போனது. அடுத்த ஆண்டில் உலகச் சராசரி சுமார் அரை டிகிரி இறங்கியது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது அதைவிடப் பெரியது. 1816இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கோடையே வரவில்லை. ஜூன் மாதத்தில் பனி விழுந்தது. பயிர் கெட்டுப் பஞ்சம் வந்தது. ஆனால் சில ஆண்டுகளில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது.

இன்னொரு வகை, வெடிப்பு என்றே சொல்ல முடியாதது. பூமி பிளந்து லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு எரிகுழம்பு வழிந்துகொண்டே இருக்கும். சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் அது நடந்தது. வழிந்த குழம்பு நிலக்கரியும் சுண்ணாம்பும் இருந்த படிவுகளையும் எரித்துக்கொண்டு மேலே வந்ததால் கரியமில வாயு அளவில்லாமல் சேர்ந்தது. கடல் சூடானது, அமிலத்தன்மை கூடியது, ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது. கடலில் இருந்த உயிரின வகைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. பூமி கண்ட அழிவுகளிலேயே மிகப் பெரியது அது. இதை நடத்தியது முழுக்க முழுக்க இயற்கை. இயற்கையான மாற்றம் என்றாலே ஆபத்தில்லாதது என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்தப் படிவுகள்தான் நினைவுக்கு வருகின்றன.

இப்போதுள்ள எரிமலைகள் மனிதர்களைவிட அதிகமாகக் கரியமில வாயு விடுகின்றனவாமே?

இது தவறு. உலகின் எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடுவது, மனிதர்கள் விடுவதில் ஒன்றிரண்டு விழுக்காட்டைத் தாண்டாது.

சூரியனே கூடிக் குறைந்திருக்கலாமே?

கூடியிருக்கிறது, குறைந்தும் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளை எடுத்துக்கொண்டால் சூரியன் பிரகாசமாகிக்கொண்டே வருகிறது. பூமி பிறந்த காலத்தில், அதாவது சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன், அது இன்றைக்கு இருப்பதைவிட 30 விழுக்காடு மங்கலாக இருந்தது. அந்த வெயிலுக்குப் பூமி உறைந்து கிடந்திருக்க வேண்டும். ஆனால் மிகப் பழைய பாறைகள் அப்போதே நீர் ஓடியதைக் காட்டுகின்றன. 1972இல் கார்ல் சேகனும் ஜார்ஜ் முல்லனும் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார்கள். பசுங்குடில் வாயுக்கள் அப்போது பல மடங்கு அடர்த்தியாக இருந்து பூமியைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் இன்றும் முதன்மையான விளக்கம்.

குறுகிய காலத்தில், சூரியப் புள்ளிகள் 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடிக் குறைகின்றன. அதோடு ஒளி மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். 1645 முதல் 1715 வரை சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய மறைந்தே போயின. ஐரோப்பாவில் அப்போது கடும் குளிர். அதனால் இரண்டையும் முடிச்சுப் போடுவது வழக்கம். ஆனால் 'சிறு பனியுகம்' என்று அழைக்கப்படும் அந்தக் குளிர் சூரியப் புள்ளிகள் மறைவதற்குப் பல தலைமுறைகள் முன்பே தொடங்கிவிட்டது. அடுத்தடுத்து வந்த எரிமலை வெடிப்புகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. சூரியன் உதவியது என்று சொல்லலாம், நடத்தியது என்று சொல்ல முடியாது.

கண்டங்கள் நகர்வதற்கும் காலநிலைக்கும் என்ன தொடர்பு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1856இல் ஒடிசாவின் தால்சேர் பகுதியில், பனியாறு இழுத்துவந்து போட்டது போன்ற பெரிய உருண்டைக்கற்கள் நிறைந்த படிவைக் கண்டார்கள். வெப்ப மண்டலத்தில் பனியாறா? அந்தப் பாறைகள் உருவானது சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது இந்திய நிலம் கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் பகுதியாகத் தென் துருவத்தை ஒட்டிக் கிடந்தது. ஆக, ஓர் இடத்தின் காலநிலை மாறியது என்றால் உலகமே மாறியது என்று பொருள் இல்லை. அந்த நிலமே இடம் பெயர்ந்திருக்கலாம்.

அதே நேரத்தில் கண்டங்களின் நகர்வு உலகக் காலநிலையையும் மாற்றுகிறது. மழைநீர் காற்றின் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறையில் விழுந்து, பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. அரிக்கப்பட்ட தாதுக்கள் ஆற்றோடு கடலுக்குப் போய்ச் சுண்ணாம்புப் படிவாகின்றன. காற்றில் இருந்த வாயு இப்படிக் கல்லாகிவிடுகிறது. பூமி சூடானால் மழையும் அரிப்பும் கூடி வாயு குறையும். குளிர்ந்தால் அரிப்பு தளரும், எரிமலைகள் விடும் வாயு மெல்லச் சேரும். சூரியன் மாறியும் பூமி கோடிக்கணக்கான ஆண்டுகள் உயிர் வாழும் நிலையில் இருந்ததற்கு இதுவே பெரிய காரணம். ஆனால் இது மிக மெதுவாக வேலை செய்வது. லட்சக்கணக்கான ஆண்டுகள் காத்திருந்தால்தான் பலன் தெரியும்.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி இமயமலை எழத் தொடங்கியது. புதுப்பாறை வெளியே வந்து மழைக்கு ஆட்பட்டதால் வாயு குறைந்தது என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள், எவ்வளவு குறைந்தது என்பதில் வாதம் உண்டு. எப்படியோ, அதன் பிறகு பூமி படிப்படியாகக் குளிர்ந்தது. 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவில் பெரிய பனிப்பாளம் உருவானது. தென் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் அண்டார்டிகா பிரிந்து, சுற்றிலும் குளிர்ந்த நீரோட்டம் ஓட வழி பிறந்ததும் அதற்குத் துணை செய்திருக்கலாம்.

பூமி முழுவதும் பனியால் மூடப்பட்டிருந்தது உண்மையா?

ஏறக்குறைய உண்மை. 71.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஒரு பனியுகம் 5 கோடி ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. இன்னொன்று 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. பாறை உருவாகும்போது அந்த இடத்தில் பூமியின் காந்தத் திசை அதில் பதியும்; அந்தக் காலத்துப் பனியாற்றுப் படிவுகளின் காந்தப் பதிவைப் பார்த்தால், அவை நிலநடுக்கோட்டுக்கு அருகே கடல்மட்டத்தில் உருவானவை என்று தெரிகிறது. 1992இல் ஜோசப் கிர்ஷ்விங்க் இதற்குப் 'பனிப்பந்து பூமி' என்று பெயர் வைத்தார். நடுக்கோட்டில் கொஞ்சம் திறந்த கடல் மிஞ்சியதா, எல்லாமே உறைந்ததா என்பது இன்னும் முடியாத விவாதம்.

சரி, அவ்வளவு வெண்மையான பூமி எப்படி மீண்டது? பனிக்கு அடியிலும் எரிமலைகள் ஓயவில்லை. அவை விட்ட கரியமில வாயுவைக் கரைக்க மழை இல்லை, அரிக்கப் பாறை வெளியே இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் வெப்பம் பனியை வென்றது. பனி உருகியதும் கொட்டிய மழை பாறைகளை வெறித்தனமாக அரித்தது. பனியாற்றுக் கற்களுக்கு நேர் மேலேயே தடிமனான சுண்ணாம்பு அடுக்கு அமர்ந்திருப்பதைப் பல கண்டங்களில் பார்க்க முடிகிறது. உறைபனியின் அடையாளத்துக்கு மேல் கொதிக்கும் வெப்பத்தின் அடையாளம், நடுவே இடைவெளியே இல்லாமல்.

உயிரினங்கள் காலநிலையை மாற்றியதுண்டா?

உண்டு. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பச்சை நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஆக்சிஜன் காற்றில் சேரத் தொடங்கியது. அது அதுவரை பூமியைச் சூடாக வைத்திருந்த மீத்தேனை அழித்ததால் பெரும் குளிர் வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். பிறகு, 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக்காடுகள். அந்த மரங்கள் மட்காமல் புதைந்து நிலக்கரியாயின. காற்றிலிருந்த கரி மண்ணுக்குள் போனது, பூமி குளிர்ந்தது. தால்சேர் பனியாறுகளும் அதே குளிர்ந்த காலத்தவை. இன்று எரிப்பது அந்தக் காடுகளைத்தான்.

டைனோசர்களை அழித்த விண்கல் காலநிலையை மாற்றியதா?

மாற்றியது, மிகக் கொடூரமாக, ஆனால் கொஞ்ச காலத்துக்கு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள கல் மெக்சிகோவின் யுகடான் பகுதியில் விழுந்தது. அங்கே இருந்த கந்தகப் பாறைகள் ஆவியாகி மேலே போக, புகைக்கரியும் தூசியும் சேர்ந்து சூரியனை மறைத்தன. பல ஆண்டுகள் கடும் குளிர். இவ்வளவு பெரிய மோதல்கள் மிக மிக அரிது.

காலநிலை சட்டென்று மாறியதுண்டா?

சில இடங்களில் ஒரு மனித வாழ்நாளுக்குள்ளேயே மாறியிருக்கிறது. கடைசிப் பனியுகம் முடிந்து பூமி சூடாகிக்கொண்டிருந்தபோது, 12,900 ஆண்டுகளுக்கு முன் வட அட்லாண்டிக்கைச் சுற்றிய பகுதிகள் திடீரென்று மறுபடி குளிருக்குள் போயின. கடுங்குளிர்ப் பகுதிகளில் பூக்கும் டிரையாஸ் என்ற சிறிய வெள்ளைப் பூவின் பெயரால் அந்தக் காலத்தை 'இளைய டிரையாஸ்' என்கிறார்கள். அதன் எச்சங்கள் ஐரோப்பாவின் ஏரிச் சேற்றில் மறுபடி தென்பட்டதுதான் முதல் துப்பு. உருகிய பனியின் நன்னீர் கடலில் பாய்ந்ததால், வெப்பத்தை வடக்கே கொண்டுபோகும் அட்லாண்டிக் நீரோட்டம் தளர்ந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 11,700 ஆண்டுகளுக்கு முன் அந்தக் குளிர் முடிந்தபோது, கிரீன்லாந்தில் சில பத்தாண்டுகளுக்குள் வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறியது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தச் சமயத்தில் வடக்கு குளிர்ந்தபோது தெற்கு சூடானது. வெப்பம் இடம் மாறியது. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் போகவில்லை.

சஹாரா ஒரு காலத்தில் பசுமையாக இருந்ததா?

இருந்தது. சுமார் 11,000 முதல் 5,000 ஆண்டுகளுக்கு முன் வரை அங்கே புல்வெளியும் ஏரிகளும் இருந்தன. அல்ஜீரியாவின் தஸிலி மலைப்பாறைகளில் ஒட்டகச்சிவிங்கியும் மாட்டு மந்தைகளும் வரையப்பட்டிருக்கின்றன. முன்பு சொன்ன பம்பரத் தலையாட்டம்தான் காரணம். வட கோளக் கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் இருந்ததால் நிலம் கூடுதலாகச் சூடாகி, பருவமழையை உள்ளே ஆழமாக இழுத்தது. அச்சு மெல்லத் திரும்பத் திரும்ப மழை பின்வாங்கியது.

இன்றைய வெப்பத்தோடு ஒப்பிடக்கூடிய ஏதாவது பழங்காலத்தில் நடந்ததா?

மிக நெருக்கமானது 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது. சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் மிகப் பெரிய அளவில் கார்பன் காற்றிலும் கடலிலும் கலந்து, உலகச் சராசரி 5 முதல் 6 டிகிரி ஏறியது. வட அட்லாண்டிக் பிளந்தபோது பெருகிய எரிமலைகள் முக்கியக் காரணமாகக் கருதப்படுகின்றன. கடலின் அடியில் சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துபோயின. ஆழ்கடலின் ஃபொராமினிஃபெரா வகைகளில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை அழிந்தன. அப்போது பூனை அளவே இருந்த ஆதிக் குதிரைகள் வெப்பத்தில் இன்னும் சிறுத்தன. கல்லின் அரிப்பு அந்தக் கார்பனை மறுபடி உள்வாங்க 1,50,000 ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது.

அப்போது ஆண்டுக்குச் சேர்ந்த கார்பன் சுமார் 100 கோடி டன் என்று மதிப்பிடுகிறார்கள். இன்று நாம் ஆண்டுக்குச் சேர்ப்பது சுமார் 1,000 கோடி டன். பழங்காலத்தைப் படிக்கும்போது என்னை உறங்க விடாமல் செய்வது இந்த வேக வேறுபாடுதான்.

அப்படியானால் இன்றைய வெப்பமும் ஏன் இயற்கையானதாக இருக்கக் கூடாது?

மேலே சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தடத்தை விட்டுச் செல்லும். குற்றம் நடந்த இடத்தில் கைரேகை பார்ப்பது போல.

பூமியின் பாதை கடந்த சில ஆயிரம் ஆண்டுகளாக வட கோளத்தை மெல்லக் குளிரும் பக்கமாகத்தான் தள்ளிக்கொண்டிருந்தது. சூரியனின் ஒளியைச் செயற்கைக்கோள்கள் 1978 முதல் அளக்கின்றன. அது கூடவில்லை. சூரியன் காரணமாக இருந்தால் வளிமண்டலம் அடி முதல் நுனி வரை சூடாக வேண்டும். ஆனால் கீழ் அடுக்கு சூடாகிறது, அடுக்கு மண்டலம் குளிர்கிறது. வெப்பம் கீழேயே பிடித்து வைக்கப்பட்டால்தான் இப்படி நடக்கும். கடல் நீரோட்டம் காரணமாக இருந்தால் ஓரிடம் சூடாகும்போது இன்னோரிடம் குளிர வேண்டும், ஆனால் நிலமும் கடலும் சேர்ந்தே சூடாகின்றன. எரிமலையா என்றால், அதற்கு வாயுவே பதில் சொல்கிறது. தாவரங்கள் கார்பனில் எடை குறைந்த வகையை விரும்பி எடுப்பவை. எனவே நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் அந்த வகை அதிகம். காற்றில் சேரும் கார்பனிலும் அதே விகிதம் கூடி வருகிறது. எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதால் காற்றின் ஆக்சிஜனும் மிகச் சிறிய அளவில் குறைந்துகொண்டே வருகிறது. எரிமலை வாயுவில் இந்த இரண்டு தடங்களும் இருக்காது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் உலகம் சுமார் 1.1 டிகிரி சூடாக இருந்தது. பழங்காலக் காலநிலை மாறியது என்பது இதற்கு மறுப்பு ஆகாது. வாயு கூடினால் வெப்பம் கூடும் என்பதற்கு அதுதான் நம்மிடம் உள்ள மிக நீண்ட சான்று.

அடுத்த பனியுகம் எப்போது வரும்? அது வந்தால் வெப்பம் சரியாகிவிடாதா?

பூமியின் பாதை இப்போது வட்டத்துக்கு நெருக்கமாக இருக்கிறது, இன்னும் வட்டமாகப் போகிறது. பாதை வட்டமாக இருந்தால் அச்சின் தலையாட்டத்துக்கு அவ்வளவு பலன் இருக்காது. அதனால் கரியமில வாயு தொழிற்புரட்சிக்கு முன்பிருந்த 280 பங்கிலேயே நின்றிருந்தாலும், அடுத்த பனியுகம் தொடங்கச் சுமார் 50,000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இப்போது காற்றில் சேர்ந்திருக்கும் வாயுவின் ஒரு பங்கு பாறை அரிப்பால் மட்டுமே நீங்கும், அதற்கு லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் ஆகலாம். ஏற்கெனவே விட்டதோடு இன்னும் சில பத்தாண்டுகள் இதே அளவில் விட்டால், 50,000 ஆண்டுகளுக்குப் பிறகு வர வேண்டிய அந்தப் பனியுகமும் வராமல் தள்ளிப்போய், 1,00,000 ஆண்டுகளுக்கு அப்பால்தான் அடுத்த வாய்ப்பு என்று மாதிரிக் கணிப்புகள் காட்டுகின்றன.